பின்னாலும் சுற்றிய கைப்பிடி

மாலை வகுப்புத் தோழன் கார்த்தி முதல் சம்பளத்தில் வாங்கிய தூண்டில் ரீல் அது. இரவல் வாங்கி, பீர்க்கன்கரணை ஏரிச் சேற்றில் போட்டுவிட்டேன். இன்று வீட்டில் கழற்றித் துடைத்து, பல்சக்கரத்துக்குக் கிரீஸும் மற்றவற்றுக்குத் தையல் மெஷின் எண்ணெயும் இட்டு, கழற்றிய வரிசைப்படியே பூட்டினேன். ஆனால் முன்னால் மட்டுமே சுற்ற வேண்டிய கைப்பிடி பின்னாலும் சுற்றியது. மறுபடி திறந்து பார்த்தும் காரணம் தெரியவில்லை.

வகுப்பு வாசலில் தயங்கிக்கொண்டே நீட்டினேன். "கெடுத்துட்டேன்டா. பின்னாடியும் சுத்துது."

கார்த்தி ரீலின் அடியிலிருந்த சின்னச் சுவிட்சைத் தள்ளினான். கைப்பிடி பின்னால் போகாமல் நின்றது.

"தொடைக்கசொல்ல இத்த தள்ளிவுட்டுக்கீற, மச்சான். இதுக்கா இப்டி வேர்த்துக்கினு கீற?"

முன்னால் சுற்றினான். கரகரப்பே இல்லை.

"வூட்ல இன்னொரு ரீலு கரகரன்னு கீது, அத்தயும் தொடச்சி குடு. எடுத்தாரட்டா?"

எடுத்து வரச் சொன்னேன்.