எட்டாம் மாடிக்குப் போகும் வழியில் அக்காவின் எடை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு மாத இதழுக்கு அறிவியல் பக்கம் எழுதித் தருவதாக வாய்கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தேன். லிஃப்ட் கிளம்பும்போது வயிற்றுக்குள் ஏன் என்னவோ செய்கிறது என்பது கேள்வி. எழுத உட்கார்ந்தேன்.

"ஒரு பொருளின் எடை எனப்படுவது யாதெனில், அதன் நிறையின் மீது புவியீர்ப்பு"

அதற்குமேல் பேனா நகரவில்லை. எனக்கே கொட்டாவி வந்தது. எங்கள் குடியிருப்பு லிஃப்டுக்கு எண்ணெய் போட வந்திருந்த மெக்கானிக்கிடம் போய் நின்றேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இதை எங்க அக்காவுக்குப் புரியவைக்க எனக்கு இருபத்தி நாலு வருஷம் ஆச்சு சார்."

கட்டுரை அந்த இடத்திலேயே மண்டையைப் போட்டது.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "அக்காவுக்கு லிஃப்ட் என்றாலே உயிர்ப் பயம்." மெக்கானிக் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எங்க அக்கா எதுக்கும் பயப்பட மாட்டா சார். நம்ப மாட்டா, அவ்வளவுதான்." அந்த வரியை அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம், அவர் ஒப்புதலுடன்:

அக்கா ஒரு தானியக் கிடங்கில் எடை போடுபவள். முப்பது வருஷமாக அதே வேலை. மூட்டையை எடைமேடையில் வைத்ததும் முள் ஆடி அடங்கும். அடங்கிய இடத்தை அவள் லாரிக்காரர்களுக்கெல்லாம் கேட்கும்படி உரக்கச் சொல்வாள். அவள் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. தம்பி அவளைவிட ஐந்து வயது இளையவன், லிஃப்ட் மெக்கானிக். (கதைக்குள் வந்ததும் மெக்கானிக்கை 'அவன்' என்று எழுதுகிறேன். அக்காவுக்குத் தம்பி எத்தனை வயதானாலும் அவன்தானே.)

அவன் கைபட்ட எந்த லிஃப்டிலும் அவள் ஏறியதில்லை. அவன் வீடு நாலாவது மாடி. இரண்டு கையிலும் பையோடு படியேறித்தான் வருவாள்.

"என்னை நம்பலியாக்கா நீ?"

"உன்னை நம்பாம யாரைடா நம்பப் போறேன். உன் கயித்தைத்தான் நம்பல."

எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். ஆனால் ஊரில் பாதிப் பேர் அவன் கயிற்றை நம்பித் தினம் மேலே போய் வருகையில், கூடப் பிறந்தவள் மட்டும் படிக்கட்டில் மூச்சு வாங்குவது அவனுக்கு முள்ளாகக் குத்தியது. மனைவியிடம்கூட அதைச் சொன்னதில்லை.

3

இந்த வருஷம் மூச்சு இன்னும் கூடுதலாக வாங்கியது. டாக்டர் இதயத்துக்கு ஸ்கேன் எழுதித் தந்தார். படியேறவே கூடாது என்று இரண்டு முறை சொன்னார். ஸ்கேன் எடுக்கும் இடம் ஒரு பழைய கட்டடத்தின் எட்டாவது மாடி. கம்பிக் கதவு போட்ட கிழட்டு லிஃப்ட். அதைச் சுற்றிச் சுற்றி இறங்கும் படிக்கட்டு.

அக்கா தனியாக இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் இரண்டாவது மாடிவரை ஏறி, படியில் உட்கார்ந்து, திரும்பி வந்துவிட்டாள். தம்பியிடம், "மிஷின் ரிப்பேராம்டா" என்றாள். அந்தக் கட்டட லிஃப்டையும் பார்த்துக்கொள்பவன் அவன்தான் என்பது அவளுக்குத் தெரியாது. மேலே இருக்கும் நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டான், குட்டு உடைந்துவிட்டது.

(இந்த இடத்தில் ஒரு பெரிய சண்டை எழுதி வைத்திருந்தேன். தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் பறந்தன. மெக்கானிக் சொன்னார்: "சண்டையெல்லாம் இல்ல சார். நான்தான் அழுதுட்டேன். அதை எழுதாதீங்க." எழுதிவிட்டேன். மன்னிக்கவேண்டும்.)

4

மூன்றாவது தடவை அவனும் கூடப் போனான். காலை பத்து மணி. லிஃப்ட் வாசலில் அக்கா நின்றுவிட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். கயிறு அறுந்துச்சுன்னா, தரையைத் தொடுற நேரம் பாத்து ஒரே எகிறு எகிறினா தப்பிச்சுக்கலாமா?"

"முடியாதுக்கா. லிஃப்ட் விழுற வேகத்துலதான் நீயும் விழுந்துட்டிருப்பே. உன் எகிறல் அதுல கொஞ்சூண்டைத்தான் குறைக்கும்."

"நல்லா ஆறுதல் சொல்றே."

"ஒரு கயிறே தாங்கும், நாலு போட்டிருக்கு. நாலும் போச்சுன்னாலும் பக்கத்துத் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்க இடுக்கி இருக்கு. போன வாரம்தான் சோதிச்சேன்."

அவள் அசையவில்லை. வாயால் சொன்னது எதுவும் அவளிடம் எடுபடாது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கீழ்த்தள மருந்தகத்தில் ஆள் ஏறி நிற்கும் முள்தராசு ஒன்று இருந்தது. அதைக் கேட்டு வாங்கி வந்து லிஃப்டுக்குள் வைத்தான்.

"கதவு திறந்தே இருக்கட்டும். சும்மா ஏறி நில்லு."

தராசு என்றதும் கால் தானாக உள்ளே வந்தது. குனிந்து பார்த்தாள். "அறுபத்திரண்டு. சரியாத்தான் இருக்கு."

"லிஃப்ட் கிளம்பினா முள் எங்க போகும்?"

"எங்கடா போகும்? அங்கேயேதான் நிக்கும். போற வழியில சாப்பிடவா போறேன்?"

"போகும்."

"போகாது."

அவன் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினான். அவள் மறுக்கவில்லை. (இதைத் துணிச்சல் என்று எழுத ஆசைதான். தம்பியைத் தோற்கடிக்கும் ஆசை என்பதுதான் உண்மை.)

லிஃப்ட் ஒரு குலுக்கலோடு கிளம்பியது. முள் அறுபத்தாறுக்குத் தாவியது.

"பொய் சொல்லுது."

"பொய்யில்லக்கா. உன்னை மேல கிளப்பணும்ல, தரை உன் பாதத்தைக் கொஞ்சம் கூடுதலாத் தள்ளுது. அந்த அழுத்தத்தைத்தான் தராசு காட்டுது."

"அப்ப முப்பது வருஷமா நான் பாத்தது எடையில்லையா? அழுத்தமா?"

அதற்குள் முள் அறுபத்திரண்டுக்குத் திரும்பி அசையாமல் நின்றது.

"நின்னுடுச்சா?"

"நிமிந்து பாரு."

கம்பிக்கு வெளியே நாலாவது மாடி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவள் மாடியைப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள், மறுபடி மாடியைப் பார்த்தாள்.

"போயிட்டே இருக்கோம். இதுக்குத் தெரியவே இல்லியேடா."

"சீராப் போனா தெரியாதுக்கா. கிளம்புறப்பவும் நிக்கறப்பவும்தான் தெரியும். பூமி இந்த ஓட்டம் ஓடுதே, நமக்குத் தெரியுதா?"*

எட்டாவது மாடியில் முள் ஐம்பத்தெட்டுக்கு இறங்கி, மறுபடி அறுபத்திரண்டில் நின்றது. "ஏத்தின நாலை இறக்கிட்டான்," என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வயிற்றில் ஏதோ செய்ததை அவள் கவனிக்கவே இல்லை.

* பூமி தன்னைத்தானே சுற்றுவதால் நம் எடையில் ஒரு துளி வித்தியாசம் உண்டு. அந்த முள்ளுக்கு அது எட்டாது. கட்டுரையாக இருந்திருந்தால் இதற்கு ஒரு பத்தி எழுதி உங்களைத் தூங்கவைத்திருப்பேன்.

5

ஸ்கேன் முடிவுக்கு இரண்டு வடிவம் எழுதினேன். ஒன்றில் அக்காவுக்கு ஒன்றுமே இல்லை. சர்க்கரைப் பாகாக இருந்தது. இன்னொன்றில்

வேண்டாம்.

நடந்தது இவ்வளவுதான்: வால்வு ஒன்று லேசாகக் கசிகிறது. மாத்திரை, ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். "மறுபடி வரணுமா?" என்று கேட்டபோது அக்காவின் குரலில் சலிப்பு இல்லை என்று நர்ஸே ஆச்சரியப்பட்டாளாம்.

6

திரும்பும்போது அக்கா முந்திக்கொண்டாள். தராசை நடுவில் வைத்து ஏறி நின்று, கம்பிக் கதவைத் தானே சாத்தினாள்.

"நீ படியில வா. உன் நிழல் விழுந்தா முள் தெரியல."

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் பொத்தானை அமுக்க, லிஃப்ட் இறங்கத் தொடங்கியது. எத்தனையோ ஆயிரம் பேரை லிஃப்டில் அனுப்பிவைத்தவன் இப்போது படியில் ஓடினான். கம்பிக்குள்ளிருந்து கிடங்குக் குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது: "அம்பத்தெட்டு." படியேறி வந்தவர்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். "அறுபத்திரண்டு." ஆறாவது மாடி. "அறுபத்திரண்டு." ஐந்தாவது.

மூன்றாவது மாடிக்குக் கீழே அவன் லிஃப்டை எட்டிப் பிடித்துவிட்டான். அதுவும் இறங்குகிறது, அவனும் அதே வேகத்தில் இறங்குகிறான். கம்பிக்கு அந்தப் பக்கம் அக்கா அசையாமல் நிற்பதுபோலவும், கட்டடம்தான் மேலே போய்க்கொண்டிருப்பதுபோலவும் அவனுக்குத் தோன்றியது. அக்கா முள்ளிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள். என்னவோ சொன்னாள்.

என்ன சொன்னாள் என்று மெக்கானிக்கை மூன்று நாள் நச்சரித்தேன். எண்ணெய்க் குப்பியை மூடிக்கொண்டே, "அதை மட்டும் நான் வச்சுக்கறேன் சார்," என்றார். நானாக நாலைந்து வாக்கியம் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தன. ஒன்றுகூட அவள் பேச்சாக இல்லை.

உங்களுக்கு ஓர் அக்கா இருக்கலாம். அல்லது நீங்களே யாருக்காவது அக்காவாக இருக்கலாம். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். அவன் மூச்சிரைக்க அவளோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருக்கிறான், அவள் வாயைத் திறக்கிறாள். இன்னும் இரண்டு மாடி இருக்கிறது.

சொல்லுங்கள்.