மெக்சிகோவுக்குப் போன ரைஸ் குக்கர்

ரைஸ் குக்கரை நான் இரண்டு தரம் சூட்கேசிலிருந்து வெளியே எடுத்தேன். இரண்டு தரமும் என் கணவர் துரை அதைத் திரும்ப உள்ளே வைத்தார். அதுவும் என் உடுப்புகளுக்கு நடுவில், அடிபடாமல் இருக்கட்டும் என்று.

"உது என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"சும்மா ஒரு அவசரத்துக்கு, வசு. அங்கத்தைச் சாப்பாடு வயித்துக்கு ஒத்துவராட்டி?"

போகமுதலே வயிற்றுக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிய மனிதனோடு, சாப்பிடுவதற்கென்றே ஓர் ஊருக்குப் புறப்பட்டேன். என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும்.

நான் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்கிறேன். காலையில் இடியப்பம், மத்தியானம் கறி, பின்னேரம் ரோல்ஸ். வீட்டுக்கு வந்தால் வீட்டுச் சமையல். எங்கள் வீடு இருக்கும் மல்வேர்னிலிருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில் சயூலிட்டா என்ற மெக்சிகோக் கடற்கரை ஊரின் வீடியோக்களைப் பார்ப்பேன். அதில் ஒரு பெண் சோளமாவைத் தட்டிச் சுட்டு, பொரித்த மீனை உள்ளே வைத்து, தேசிக்காய் பிழிந்து நீட்டுவாள். டாக்கோ. அதை நான் கை நீட்டி வாங்கிச் சாப்பிட வேண்டும். நகை கேட்டேனா, வீடு கேட்டேனா? நாலு நாளைக்கு இன்னொருவர் கையால் சாப்பாடு, அவ்வளவுதான் கேட்டேன்.

போய் இறங்கியதும் பொரித்த மீன் வாசம் மூக்கில் ஏறியது. கடற்கரை முழுக்கச் சின்னச் சின்னக் கடைகள். "பயணக் களையா இருக்கு. இண்டைக்கு மட்டும் கொஞ்சம் சோறு போடுமன்" என்றார் துரை. அடுப்பு இருக்கிற அறையாகப் பார்த்து எடுத்தவரே அவர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருந்தும் சோறு போட்டேன்.

அடுத்த நாள் கடற்கரையில் யாரோ தமிழில் கதைப்பது அவர் காதில் விழுந்துவிட்டது. எங்கள் பக்கத்து நகரமான மார்க்கத்திலிருந்து வந்திருந்த தியாகலிங்கம் அண்ணையும் அவர் மனைவி கமலாம்பிகை அக்காவும். முன்பின் தெரியாத ஆட்கள். "அறையில சோறு கறி இருக்கு, வாங்கோ" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சோறு கறி எங்கே இருந்தது? நான் சமைத்தால்தானே இருக்கும். அன்றைக்கு மீன் குழம்பு, மறுநாள் புட்டு. கடைசி நாள் நான் டாக்கோக் கடைக்குப் போகச் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன். "அவையள் வருகினம். சின்னனா ஒரு சொதி வைச்சுப்போட்டுப் போவமே" என்றார். சொதி வைத்து, அவர்கள் சாப்பிட்டு, நான் பாத்திரம் கழுவி முடிக்க, விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டி வாசலில் நின்றது.

வானுக்குள்ளிருந்து அந்தக் கடைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

திரும்பி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தியாகலிங்கம் அண்ணையையும் அக்காவையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார் துரை. என்னைக் கேட்டா அழைத்தார்? நான் குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். அப்போது அவருடைய சிநேகிதர் ஜெயரட்ணம் போன் எடுத்து, மெக்சிகோச் சாப்பாடு எப்படி என்று கேட்டார்.

"அதையேன் கேக்கிறாய், வாயில வைக்கேலாது" என்றார் துரை. தியாகலிங்கம் அண்ணையும் "ஓமோம்" என்று சிரித்தார்.

நான் அடுப்பை நிற்பாட்டிவிட்டு ஹோலுக்கு வந்தேன். "நீங்கள் அங்கை என்ன சாப்பிட்டனீங்கள்?"

அவர் போனை வைத்தார். "என்ன வசு, ஆக்களுக்கு முன்னால..."

"நாலு நாளும் என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு கேக்கிறன்."

அவர் தியாகலிங்கம் அண்ணையைப் பார்த்தார். அண்ணை தன் தட்டைப் பார்த்தார்.

"அந்த ஊர்ச் சாப்பாட்டில ஒரு வாய் உங்கட நாக்கில பட்டதோ? நாலு நாளும் நான் காய்ச்சினதைத்தானே சாப்பிட்டனீங்கள். அப்ப வாயில வைக்கேலாதது ஆருடைய சமையல்?"

கமலாம்பிகை அக்கா மெல்லச் சொன்னார்: "எனக்கும் உந்த டாக்கோ ஒண்டு சாப்பிட ஆசையாத்தான் இருந்தது. இவர்தான், தமிழ்ச் சாப்பாடு கிடைக்கேக்க உதென்னத்துக்கு எண்டு இழுத்துக்கொண்டு வந்தவர்."

எனக்கு நெஞ்சு இன்னும் கொதித்தது. அங்கே டாக்கோக் கடைக்குப் போகவிடாமல் என்னை ஒருத்தியைத்தான் மறித்து வைத்தார்கள் என்று நினைத்திருந்தேன்.

"குளிர் ஜக்கெற்றைப் போடுங்கோ அக்கா, வெளியில போவம்" என்றேன்.

பஸ் எடுத்துப் போனோம். இரண்டு தரிப்பிடம் தள்ளி ஒரு பிளாசாக் கடைத்தொகுதியில் சின்ன மெக்சிகன் கடை இருந்தது. இத்தனை வருடம் அதைப் பஸ் யன்னலால் மட்டுமே பார்த்திருக்கிறேன். மீன் டாக்கோ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். துரையின் போன் வந்தது.

"வசு, ரோல்ஸ் பாதி பொரிஞ்சபடி கிடக்கு. என்ன செய்யிறது?"

"பொரியுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கடைக்காரப் பெண் தட்டைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தாள். மீன் கொஞ்சம் காய்ந்துதான் போயிருந்தது. உறைப்பும் காணாது. ஆனால் அதை நான் சமைக்கவில்லை. ஒரு துண்டு மிச்சம் விடாமல் சாப்பிட்டேன்.