கூப்பிடாத பெயர்

ஐந்தாம் நடைமேடைப் பேருந்து புறப்படப் போகிறது, பயணிகள் உடனே வரவும் என்று மைக்கில் சொல்லிவிட்டு அவள் அறிவிப்பு அறையின் கண்ணாடி வழியே பார்த்தாள். கூட்டத்துக்கு நடுவில் மாமனார் நின்றிருந்தார். ஒரு கையில் குடை. இன்னொரு கை இடுப்பு உயரத்தில், ஒரு சின்னக் கையைப் பிடித்திருப்பதுபோல அப்படியே நின்றது. அந்தக் கையில் யாரும் இல்லை.

வேலை முடியும் நேரத்துக்குப் பிள்ளையைக் கூட்டி வருகிறேன், அம்மா வேலை செய்யும் இடத்தை அவளும் பார்க்கட்டும் என்று காலையில் சொல்லியிருந்தார். இப்போது அறைக்குள் மூச்சு வாங்க வந்தவரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"பாப்பா எங்க மாமா?"

"கையிலதாம்மா இருந்தா. 'உடனே வரவும்'னு மேல உன் குரல் கேட்டுச்சு பாரு, கையை உருவிக்கிட்டு ஓடிட்டா."

 ஏன் ஓடினாள் என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பேருந்து நிலையத்தில் அவள் குரலுக்கு இருந்த மரியாதை மேலாளருக்குக்கூடக் கிடையாது. வா என்றால் பயணிகள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு மூட்டை முடிச்சோடு ஓடி வருவார்கள். பெற்ற மகள் மட்டும் வரமாட்டாள். வீட்டில் பெயர் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டால் போதும், எங்காவது இடுக்கில் போய்ப் பதுங்கிக்கொள்வாள். முதல் தடவை வீடு முழுக்கத் தேடிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்தபோது, பிள்ளை சுவரோடு ஒட்டி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. நாலு வயதுப் பிள்ளைக்கு மூச்சுச் சத்தம் கேட்காமல் அப்படிக் கிடக்கத் தெரியும் என்பதே அவளை நடுங்க வைத்தது. "அம்மா கூப்பிட்டா வரக்கூடாது, தாத்தா சொல்லியிருக்காரு" என்றது, பல் துலக்க வேண்டும் என்று சொல்வதைப்போல.

கணவனிடம் கேட்டால், "எங்க வீட்ல அப்படித்தான், என்னையும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல" என்று பரம்பரை நகையைப் பற்றிப் பேசுகிறவன் மாதிரி சொன்னான். சாப்பாட்டுக்கு வர வேண்டுமென்றால் மாமனார் ஸ்பூனால் தட்டில் தட்டுவார்; பிள்ளை துள்ளிக்கொண்டு வரும். "இது பிள்ளையா, பூனைக்குட்டியா?" என்று அவள் சண்டைக்குப் போயிருக்கிறாள். காலமெல்லாம் லாரி ஓட்டிய மனிதர், எதையும் கேலியாக்கிவிடுவார். இதற்கு மட்டும் சிரித்து மழுப்பிவிட்டு எழுந்து போய்விடுவார்.

வெளியே பேருந்துகள் பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தன. அவள் மைக் சுவிட்சில் கை வைத்தாள். ஊரான் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேரை இந்த மைக்தான் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது. மாமனார் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"கூப்பிடாதம்மா. கூப்பிட்டா இன்னும் உள்ள போயிடுவா. டயருக்கு அடியிலகூடப் போய்ப் படுத்துக்குவா."

ஒரு நொடி அந்தக் கிழவரைக் கொன்றுவிடலாம் என்றிருந்தது அவளுக்கு. பிறகு பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்தாள். மூடியை மைக்குக்கு முன்னால் பிடித்து ஸ்பூனால் தட்டினாள். டிங், டிங், டிங். கூரையில் இருந்த அத்தனை ஒலிபெருக்கியும் அதையே சொன்னது. நடந்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவள் விடாமல் தட்டினாள்.

என்ஜின் உறுமிக்கொண்டிருந்த ஐந்தாம் நடைமேடைப் பேருந்தின் பின்சக்கரங்களுக்கு நடுவிலிருந்து, உள்ளங்கை நிறைய கிரீஸோடு, பிள்ளை தவழ்ந்து வெளியே வந்தது.

ஓடிப் போய் அள்ளிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள். பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு மாமனார் பக்கம் திரும்பினாள். "இன்னைக்கு நீங்க சொல்லியாகணும் மாமா. இல்லன்னா இனிமே இவளை உங்ககிட்ட விடமாட்டேன்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். குடையை முழங்கால்களுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டார்.

"எனக்கு அப்ப இவ வயசுதான். சண்டை ஊருக்குள்ள வந்துடுச்சு. அம்மா எங்க மூணு பேரையும் ஆளுக்கொரு பக்கமா ஒளிச்சு வச்சா. நான் விறகுக்குப் பின்னால. சிப்பாய்ங்க வந்து அவளைப் புடிச்சுட்டாங்க. வீட்டைத் தேடவே இல்லம்மா. அவ்வளவு கஷ்டம்கூடப் படல. வாசல்ல நிக்க வச்சு, பிள்ளைங்களைக் கூப்பிடுன்னாங்க. ஆசையாக் கூப்பிடுன்னாங்க."

"கூப்பிட்டாங்களா?"

"சாப்பிடக் கூப்பிடுற மாதிரியே கூப்பிட்டா. பெரியண்ணன் பேரு. அப்புறம் சின்னண்ணன் பேரு. ரெண்டும் அவகிட்ட ஓடுச்சுங்க." அதற்கு அப்புறம் நடந்ததை அவர் சொல்லவில்லை. "என் பேரை மட்டும் கூப்பிடல. காலையில தட்டைத் தூக்கி எறிஞ்சு அவகிட்ட அடி வாங்கியிருந்தேன். அந்தக் கோபத்துல என்னை மறந்துட்டாளோன்னு வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன். கூப்பிட்டிருந்தா நானும் ஓடியிருப்பேன். அவளையும் விட்டு வைக்கல. பக்கத்து வீட்டு அக்கா வந்து எத்தனை தடவை பேர் சொல்லியும் நான் வெளிய வரல. கடைசியில தட்டைத் தட்டினா. பசி இழுத்துட்டு வந்துடுச்சு."

"அவங்க மறக்கல மாமா. வேணும்னுதான் சொல்லாம விட்டாங்க. மூணாவது ஒண்ணு இருக்குன்னு அவனுங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு."

"அது பெரியவனானதும் புரிஞ்சுடுச்சு" என்றார் அவர். "அப்ப அவங்க ரெண்டு பேரு?"

அவள் மடியில் கனத்துக் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். தனக்கு மூன்று இருந்து, ஒன்றை மட்டும் ஒளிக்க முடிந்தால் என்ற நினைப்பு வந்ததும் பயந்துபோய் அதை விரட்டினாள்.

"இப்பல்லாம் சாயங்காலமானா எங்கம்மா குரல் கேக்குதும்மா. பெரியண்ணன், அப்புறம் சின்னண்ணன். அதோட நின்னுடுது. போகவும் மாட்டா. அடுத்த பேரு நாக்குல இருக்கிற மாதிரி அப்படியே நிப்பா." அவர் மைக்கைப் பார்த்தார். "உன் குரல் அவ குரல் மாதிரியே இருக்கு. நீ கல்யாணமாகி வந்த அன்னிக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. ஒரே ஒரு தடவை, இதுல என் பேரைச் சொல்லிக் கூப்பிடு."

"கூப்பிட்டா?"

"போயிடுவேன்." பழைய கேலிச் சிரிப்பு அவர் முகத்துக்கு வந்தது. "டிக்கெட்கூட வேணாம்."

அவள் வாய் திறப்பதற்குள் எழுந்து வெளியே போய்விட்டார். இருட்டத் தொடங்கியிருந்த நடைமேடையின் கோடியில், சரக்கு மூட்டைகள் அடுக்கியிருந்த தூணுக்குப் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்தார். அந்த வயதுக்காரருக்கு அவ்வளவு சின்னதாகச் சுருங்க வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

சுவிட்சைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மடியிலிருந்த பிள்ளை, அவள் மூச்சை இழுப்பதைப் பார்த்ததுமே கிரீஸ் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டது. அவர் பெயர் அவள் தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

மூன்றாம் நடைமேடை வண்டி புறப்படுகிறது என்றாள். அடுத்ததையும் சொன்னாள். கழிப்பறையில் மூக்குக் கண்ணாடியை விட்டுச் சென்றவரை அழைத்தாள். பணி முடிந்த நடத்துநர்களைப் பெயர் பெயராகக் கூப்பிட்டாள், துப்புரவுப் பெண்களைக் கூப்பிட்டாள், டீக்கடைக்காரரைக் கூப்பிட்டாள். சாப்பிடக் கூப்பிடுவது மாதிரி, அவ்வளவு ஆசையாக. எல்லாரும் திகைத்து ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். தெரிந்த பெயர்களெல்லாம் தீர்ந்துகொண்டே வந்தன. ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை.

தூணுக்குப் பின்னாலிருந்து குடையின் முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது லேசாக, மூச்சு விடுவதைப்போல, அசைந்துகொண்டிருந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்காமல், அவள் அடுத்த பெயரைத் தேடினாள்.