பாய்க்குள் இன்னும் ஒருவருக்கு இடம்

1.

இந்தக் கதை ஒரு மத்தியானச் சாப்பாட்டில் பிறந்தது. "சிறு தீவுகளில் தொழில், வணிகம், சுற்றுச்சூழல்: ஒரு சமநிலை" என்ற கருத்தரங்குக்குப் போயிருந்தேன். பேசியவர் திரையில் மூன்று தட்டுள்ள தராசு ஒன்றைக் காட்டினார். எங்கள் சமோவாவின் எந்தச் சந்தையிலும் அப்படியொரு தராசை நான் கண்டதில்லை. பிறகு சாப்பாடு போட்டார்கள். கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து டப்பா மீன் தின்றோம். கதை தொண்டையில் முள்ளாக நின்றது.

2.

முதல் தொடக்கம்: நீலக் கடலின் மடியில், பச்சை மலைகள் தாலாட்ட, அந்தச் சின்னஞ்சிறு...

(வேண்டாம். இதை விமான நிறுவனம் ஏற்கெனவே எழுதிவிட்டது.)

இரண்டாவது: மூலதனத்தின் கோரப் பற்களுக்கிடையே...

(எனக்கே பல் கூசுகிறது.)

மூன்றாவது: எங்கள் விரிகுடாவில் சூரை மீனை டப்பாவில் அடைக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. (நானே கட்டியது, காகிதத்தில் என்பதால் செலவு குறைவு.) வீட்டுக்கொருவர் அங்கே வேலை செய்கிறார்கள். போன மாதம் கழிவுக் குழாய் உடைந்து விரிகுடாவில் மீன்கள் செத்து மிதந்தன. குழாய்க்கு ஒட்டுப் போட்டார்கள், இன்னும் கசிகிறது. ஊர்ச்சபை புகார் கொடுத்தது. புகார் தீராமல் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள்.

சரி, ஓடும்.

3.

ஆலை மேலாளர் கிரெய்க்கை வில்லனாக்கத்தான் ஆசைப்பட்டேன். வாயில் ஒரு சுருட்டு வைத்துப் பார்த்தேன், இருமினார். ஞாயிறுதோறும் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நின்று, மனதாரச் சுருதி தப்பிப் பாடுகிறவரை எப்படி வெறுப்பது?

எங்கள் ஊர் வழக்கப்படி, பெருந்தவறு செய்தவர் விடியலில் வந்து, நேர்த்தியாக முடைந்த பாயைத் தலைவழியே போர்த்திக்கொண்டு, பாதிக்கப்பட்டவர் வாசலில் உட்கார வேண்டும். வீட்டுக்காரர் பாயைத் தூக்கினால் மன்னிப்பு. தூக்காவிட்டால் உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான். கிரெய்க் உட்காரத் தயாராக இருந்தார். கடலுக்கு அப்பாலிருந்து கம்பெனி வக்கீல் தொலைபேசியில் தடுத்துவிட்டார். உட்கார்ந்தால் தவறை ஒப்புக்கொண்டதாகுமாம். ஒப்புக்கொண்டால் புதுக் குழாய் போட்டே தீர வேண்டுமாம்.*

* நின்றபடி வருந்தலாமாம்.

4.

மாத்தலேனா, ஆலையில் மீன் சுத்தம் செய்யும் பிரிவின் மேற்பார்வையாளர். முதல் பிரதியில் அவளை விதவையாக்கி, நானே இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டேன். அவளிடம் படித்துக் காட்டினேன்.

"அண்ணே, எம் புருஷன் உள்ள குறட்டை விட்டுக்கிட்டிருக்காரு. எழுப்பறேன், நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க."

அந்த வரியை அடித்துவிட்டேன்.

"உனக்கு என்னதான் வேணும்? அதையாவது சரியா எழுதறேன்."

"ஆலை மூடினா நானும் ஆக்லாந்து போயி அடுத்தவங்க வீட்டுக் கிழவங்களக் குளிப்பாட்டணும். இப்படியே ஓடினா இந்தக் கடல்ல காலை நனைக்க முடியாது. எனக்கு வேலையும் வேணும், கடலும் வேணும்ணே."

கருத்தரங்கில் இதற்குத்தான் நாற்பது படங்கள் காட்டினார்கள்.

5.

விடியலில் தன் கல்யாணப் பாயைப் போர்த்திக்கொண்டு, ஊர்ச்சபைத் தலைவர் வாசலில் அவளே போய் உட்கார்ந்தாள். தலைவர் சேவுமாலோ அவளுடைய தாய்மாமன்.

"யாரது?"

"நான்தான் மாமா."

"நீ எதுக்குடி உக்காந்திருக்க? குழாய நீயா உடைச்ச?"

"உடைஞ்சது தெரிஞ்சும் ஷிப்டு முடியற வரைக்கும் மெஷின நிறுத்தலையே."

"நம்ம ஊர்க்காரியே நம்மகிட்ட மன்னிப்புக் கேட்டா, மன்னிக்கறது யாரு?"

"அதச் சொல்லத்தானே உங்களத் தலைவராக்கி வச்சிருக்கோம்."

"வாய் மட்டும் அப்படியே உங்கம்மா வாய். அந்த கிரெய்க் வந்து உக்காரட்டும். புதுக் குழாய் போடறேன்னு அதுக்கு அர்த்தம். நீ உக்காந்தா உனக்குக் கால் வலிக்கும், அவ்வளவுதான்."

இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் பேருந்து வந்து நின்றது. வெள்ளை ரப்பர் பூட்ஸோடு இறங்கியவர்கள் பார்த்தார்கள். ஒவ்வொருவராகப் பாய்க்குள் நுழைந்தார்கள்.

"தள்ளி உக்காருடி."

"உன் பூட்ஸு நாறுது."

"உன்னுது மல்லிகையோ?"

கடைசியில் சேவுமாலோவின் மனைவி, ஆலை உணவகத்துச் சமையற்காரி, காலைச் சாப்பாட்டுத் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தானும் நுழைந்தாள். தட்டில் சேப்பங்கிழங்கும் டப்பா மீனும். அவர் தட்டைப் பார்த்தார், பாயைப் பார்த்தார்.

"நானும் உள்ள போயிட்டா பாயத் தூக்க ஆள் வேணாமா?" என்றார், யாரிடமென்று இல்லாமல்.

(ஒரு பாய் இத்தனை பேரைத் தாங்குமா என்று விமர்சகர் கேட்பார். தாங்கவில்லை. நாலைந்து முதுகுகள் வெளியேதான் இருந்தன.)

6.

முடிவு அ: சேவுமாலோ பாயைத் தூக்குகிறார், புகார் தீர்கிறது. ஆலை ஓடுகிறது, கசிகிற குழாயும் அப்படியே இருக்கிறது.

முடிவு ஆ: தூக்கவில்லை, ஆலை மூடுகிறது. விரிகுடா தெளிகிறது. குளிக்க ஆளில்லை, எல்லாரும் ஆக்லாந்தில்...

இரண்டையும் மாத்தலேனாவிடம் படித்தேன். "இதுக்கா இவ்வளவு நேரம் முட்டி தேய உக்காந்தேன்?" என்றாள்.

ஆகவே கிரெய்க்கை ஓடிவரச் செய்தேன். பாயின் ஓரத்தில் மூச்சிரைக்க நிற்கிறார். காதில் தொலைபேசி, வக்கீலின் கத்தல் எங்களுக்கே கேட்கிறது. மாத்தலேனா உள்ளிருந்து விளிம்பைச் சற்றே உயர்த்துகிறாள்.

"சார், ஷூவக் கழட்டிட்டு வாங்க. இன்னும் ஒரு ஆளுக்கு இடமிருக்கு."

சேவுமாலோவின் தட்டில் மீன் ஆறிக்கொண்டிருக்கிறது. பகல் ஷிப்டு பேருந்து ஹாரன் அடிக்கிறது. கிரெய்க் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு குனிந்து ஒரு ஷூவைக் கழற்றிவிட்டார். மற்றதன் கயிறு முடிச்சு விழுந்து கிடக்கிறது. முடிச்சைப் போட்டவன் நான்தான். அவிழ்க்க எனக்கு வரவில்லை.

உங்களுக்கு நகம் இருந்தால், கொஞ்சம் குனியுங்களேன்.