ஏரியைப் பிடித்த கண்ணாடி

தாம்பரத்தில் எனக்குக் கண்ணாடிக் கடை. இருபது வருஷமாக ஜன்னல், பால்கனி, கடை முகப்பு என்று கண்ணாடி மாட்டுவதுதான் தொழில். பெருங்களத்தூரில் ஏரிக்கரையை ஒட்டிய ஆறு மாடிக் குடியிருப்பில், ஏரியைப் பார்த்த பால்கனிகளுக்கெல்லாம், வெளியிலிருந்து பார்த்தால் முகம் தெரிகிற கண்ணாடி மாட்டும் வேலை வந்தது. கரையில் வாக்கிங் போகிறவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறார்களாம். குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி அனந்தகிருஷ்ணன் சார் சொன்னது அது.

புதுக் கண்ணாடி மாட்டினால் யாரும் முட்டிக்கொள்ளாமல் இருக்கச் சுண்ணாம்பால் பெரிய பெருக்கல் குறி போட்டு வைப்பது எங்கள் வழக்கம். ஒப்படைக்கும்போதுதான் அழிப்போம். ஞாயிறு காலை எட்டு மணிக்குத் திறப்பு விழா, போட்டோ எடுக்க வேண்டும் என்று சார் அவசரப்படுத்தினார். சனிக்கிழமை காலையிலேயே துடைத்துவிட்டோம்.

கரையில் நின்று பார்த்தேன். ஏரி, வண்டலூர்க் காடு, மேகம் எல்லாம் என் கண்ணாடிக்குள் இருந்தன. அசலைவிட நம்முடையது பளிச்சென்று இருக்கிறதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அசலை நான் எங்கே பார்த்தேன்? பச்சை பார்க்க ஊட்டிக்கு வண்டி ஏறுகிற ஆள் நான். ஏரி என்றால் எனக்குக் கொசு.

மதியம் டொப்பென்று ஒரு சத்தம். கீழே ஒரு மீன்கொத்தி கிடந்தது. எடுத்தேன். உடம்பு இன்னும் சூடாக இருந்தது, கழுத்து மட்டும் துவண்டு தொங்கியது. அந்த நீலத்தை எந்தக் கண்ணாடியிலும் நான் பார்த்ததில்லை.

மூன்றாம் மாடி விஷ்ணுப்ரியா ஓடி வந்தார். வங்கியில் வேலை. விடிகாலையில் மொட்டை மாடியில் நின்று பறவை எண்ணுகிறவர்.

"ஏரின்னு நெனச்சு நேரா வந்திருக்கு, பாய். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ஊசிவால் வாத்துங்க வரும். நானூறு இருக்கும். ராத்திரியெல்லாம் வெளில மேஞ்சிட்டு இங்கதான் இறங்கும். இந்த பில்டிங் பக்கமா ஒரு சுத்து வந்துட்டுத்தான் இறங்கும்."

"எங்கேருந்து வருது?"

"சைபீரியா பக்கத்துலேருந்து."

அவ்வளவு தூரம் பறந்து வந்து என் கண்ணாடியில் முட்டிச் சாக வேண்டுமா? செக்ரட்டரிக்குப் போன் போட்டேன்.

"மறுபடியும் குறி போடணும் சார்."

"விளையாடறீங்களா? ஃபங்ஷன் முடியட்டும், திங்கக்கிழமை பேசலாம்."

"வாத்து திங்கக்கிழமை வரைக்கும் காத்துக்கினு இருக்காது சார்!"

கோபத்தில் போனை வைத்துவிட்டேன். ஒரு பெருக்கல் குறி போதாது, ஒரு சாண் இடைவெளிகூட விடாமல் கோடு போட்டால்தான் பறவைக்குத் தெரியும் என்றார் விஷ்ணுப்ரியா. ஜெரோமைக் கூப்பிட்டேன், என்னிடம் பதினைந்து வருஷமாக இருக்கும் ஃபிட்டர்.

"இன்னா பாய், காலைல தொடச்சத இப்போ கிறுக்கச் சொல்ற?" என்றான். மீன்கொத்தியைக் காட்டினேன். உடனே சுண்ணாம்பைக் குழைத்தான். மாடியிலிருந்து தொங்கும் தொட்டிலில் இரண்டு பேரும் இறங்கினோம். பத்து வருஷமாக நான் அதில் கால் வைத்ததில்லை. பொழுது சாய்வதற்குள் ஆறு மாடியும் கோடு கோடாகிவிட்டது.

ஞாயிறு விடியும்போது விஷ்ணுப்ரியாவோடு மொட்டை மாடியில் நின்றேன். பட்டு வேட்டியோடு செக்ரட்டரி மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"யாரைக் கேட்டு இப்படிப் பண்ணீங்க? இப்பவே அழிக்கணும்!"

நான் வானத்தைக் காட்டினேன். காட்டுக்கு மேலே ஒரு கறுப்புக் கோடு எழுந்து, வளைந்து, எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வரவரத்தான் அதன் வேகம் தெரிந்தது. ஏரியைத் தாண்டி வாத்துகள் நேராகக் கட்டடத்துக்கே வந்தன. நான் "யா அல்லாஹ்" என்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

கண்ணாடிக்கு முன்னால் முதல் வரிசை சட்டென்று மேலே திரும்பியது. பின்னால் வந்த அத்தனையும் அதே நொடியில் திரும்பின. வெள்ளை வயிறுகள் எங்கள் தலைக்கு மேலே ஏறின. நானூறு ஜோடி இறக்கையின் காற்று முகத்தில் அடித்தது. அந்த இரைச்சல் நெஞ்சுக்குள் இறங்கியது. ஒரு சுற்று சுற்றி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஏரியில் இறங்கின. ஒன்றுகூட மோதவில்லை. நான் அழுதுவிட்டேன், வெட்கப்படவில்லை.

செக்ரட்டரியின் வாய் திறந்தபடியே இருந்தது. அவர் அந்தக் கட்டடத்தில் ஒன்பது வருஷமாகக் குடியிருக்கிறார்.

"இது தினமுமா வருது?"

"பனிக்காலத்துல தினமும், சார்," என்றார் விஷ்ணுப்ரியா.

சார் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். பறவைகளுக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்தவர்போலக் கிசுகிசுத்தார்.

"ஏய், புடவை கட்டினது போதும். பக்கத்து வீட்டுக்காரங்களையும் எழுப்பிக் கூட்டிண்டு உடனே மாடிக்கு வா."