கடைசியில் லேசான புகை

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மேசையில் வைக்கும் ஒயின் அட்டை ஒன்றில் தொடங்கியது. ஓர் உணவகத்துக்காக, மூன்று வகைத் திராட்சை கலந்த பிரெஞ்சு சிவப்பு ஒயினைப் பற்றி நாலு வரி கேட்டார்கள். கனமும் இல்லை, லேசும் இல்லை, நடுவாந்தரம். நான் பாட்டிலைத் திறக்கவே இல்லை. 'கருஞ்செர்ரி, ஈர மண், கடைசியில் லேசான புகை. வறுத்த ஆட்டிறைச்சி, காளான், கெட்டிப் பாலாடைக்கட்டியுடன் பொருந்தும்' என்று கூசாமல் அளந்துவிட்டேன். குடித்தவர்கள் அத்தனை பேரும் புகை தெரிகிறது என்றார்களாம். அன்றிலிருந்து அந்தப் பொய்யை வேறு யார் தலையிலாவது கட்டிவிடப் பார்க்கிறேன்.

2.
ஆகவே என் இடத்தில் இன்னொருவரை வைத்தேன். உணவகத்தில் ஒயினை முகர்ந்து தேர்ந்தெடுப்பவர், எல்லோரும் அவரை 'மூக்குக்காரர்' என்பார்கள். [அழித்த தொடக்கம்: 'அவர் கோப்பையைச் சுழற்றியபோது வெளியே மழை' — மழை வேண்டாம், வந்தால் கவிதை எழுதிவிடுவேன்.] ஆறு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சலில் அவருக்கு வாசனை தெரியாமல் போயிற்று. யாரிடமும் மூச்சு விடவில்லை. அங்கேயே சமைக்கும் மனைவியிடம்கூட. வேலை போவது இருக்கட்டும், அவள் பார்க்கும் பார்வை மாறிவிடுமே என்று பயம். பழைய ஞாபகத்தை வைத்து அட்டைகளை ஒப்பேற்றி வந்தார்.

3.
இன்று காலை அவளுக்குச் சளி. உணவக அடுக்களையில் அடுப்பைப் பற்றவைக்குமுன் கேஸ் குழாயருகே முகர்ந்து பார்ப்பது அவள் வழக்கம். இன்று அவரைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, கேஸ் வாசனை ஏதாவது வருதா?"

அவர் மூச்சை ஆழ இழுத்தார். ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு ஆறு மாதமாகவே அப்படித்தான்.

"ஒண்ணுமில்லம்மா."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. உங்க மூக்க நம்பித்தான் நிக்கிறேன்."

4.
குழாய் கசிகிறதா? எழுதும் எனக்கே தெரியாது. முடிவுகள் மூன்று இருக்கின்றன.

அ) அவர் உண்மையைச் சொல்கிறார், அவள் ஜன்னலைத் திறக்கிறாள். [நாலு தடவை எழுதிப் பார்த்தேன். மனிதர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.]

ஆ) கசிவே இல்லை. ஆட்டிறைச்சி வறுபடுகிறது, விருந்தினர் புகையைப் புகழ்கிறார்கள்.

இ) அவள் தீக்குச்சியை

[இதை முடிக்கப் போவதில்லை. ஆனால் புகையை அட்டையில் எழுதியது நான்தான், அடுப்பு பற்றுவதற்கு முன்பே.]

5.
பாட்டிலைத் திறக்கவில்லை என்றது பொய். திறந்தேன். முகர்ந்தால் தண்ணீரைப் போல இருந்தது. காய்ச்சல் வந்தது எனக்குத்தான்.

இதோ, அடுக்களையிலிருந்து என் மனைவி கூப்பிடுகிறாள். அவளுக்கும் நேற்றிலிருந்து சளி. நான் அதைக் கதையில் எழுதிய பிறகுதான் வந்தது.

"ஏங்க, ஏதாவது வாசனை வருதா? பத்த வைக்கட்டுமா?"

என் வாயில் வரப்போகும் வார்த்தை எனக்குத் தெரியும். மூன்றாம் பகுதியில் ஏற்கெனவே எழுதிவிட்டேன். அதை மாற்ற எனக்குத் தைரியம் இல்லை, வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

உங்கள் மூக்கு நன்றாகத்தானே இருக்கிறது. நீங்கள் அவளுக்குப் பதில் சொல்லுங்கள். தீப்பெட்டியைத் திறந்துவிட்டாள்.