மூக்கு வைக்கக் கூடாத செடி

என் மகள் மாஃபால்டா போனில் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"அப்பா, ரெண்டே நாள்தான் வர்றோம். ஆர்னிக்கு ஊர் புடிச்சா, லிஸ்பனுக்கே வந்து கல்யாணம் பண்ணிக்கிட்டு அங்கயே இருந்துடுவோம். புடிக்கலன்னா ஃபின்லாந்துலயே வீடு வாங்கிடுவோம். அவனுக்கு கம்ப்யூட்டர் வேலை, எங்க உக்காந்தும் செய்யலாம். நீ ஒண்ணும் பண்ணாம சும்மா இரு, அது போதும்."

சும்மா இருப்பதாவது! ஒரே மகள். படித்துவிட்டு வருகிறேன் என்று போனவள் வருடக்கணக்காக அந்தப் பனிக்குள் கிடக்கிறாள். அவளைத் திரும்பக் கொண்டுவர எனக்குக் கிடைத்திருப்பது இரண்டு நாள். இந்த ஊரில் டிராம் ஓட்டியே தலை நரைத்தவன் நான். ஊரைச் சுற்றிக் காட்ட என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? பெலேம் கோபுரம், பக்கத்தில் பெரிய மடாலயம், சாயங்காலம் நான் ஓட்டிய இருபத்தெட்டாம் நம்பர் டிராம், மறுநாள் கோட்டை என்று மளமளவென்று திட்டம் போட்டேன்.

"அந்தக் கோபுரத்துக்குள்ள நீ எப்பய்யா போன?" என்று கேட்டாள் என் மனைவி ஒந்தினா.

நான் போனதில்லை. அது வேறு விஷயம்.

ஆர்னி வந்து சேர்ந்தான். எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது, அவ்வளவு உயரம். என் கையைப் பிடித்து ஒரே ஒரு தடவை குலுக்கினான். அதோடு பேச்சு முடிந்தது. எங்கள் மொழியில் அவனுக்கு நாலு வார்த்தைகூடத் தெரியாது, தெரிந்ததையும் செலவழிக்க மனமில்லாதவனாக இருந்தான்.

மறுநாள் காலை கோபுரத்துக்குப் போனோம். வரிசை ஆற்றங்கரை ஓரமாக வளைந்து வளைந்து போனது. ஜூன் வெயில் மண்டையைப் பிளந்தது. ஆர்னியின் முகம் வெந்த இறாலின் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"அப்பா, உள்ள என்ன இருக்குன்னு கேக்குறான்" என்றாள் மாஃபால்டா.

"படிக்கட்டு இருக்கு."

"ஏறிப் போனா?"

"மேல நின்னா ஆறு தெரியும்."

ஆறு எங்கள் காலடியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. மாஃபால்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபுரத்தின் மேலா, வெயிலின் மேலா, அந்தப் பையனின் மேலா என்று எனக்கே தெரியவில்லை.

மடாலயத்தில் வரிசை அதைவிட நீளம். டிராம் நிறுத்தத்தில் பாதி உலகமே நின்றது. வந்த வண்டியெல்லாம் பிதுங்கி வழிந்துகொண்டு போனது. ஒன்றில் என்னிடம் தொழில் கற்ற பெல்மிரோ இருந்தான். என்னைப் பார்த்ததும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எவாரிஸ்டோ அண்ணே, நடந்தே போயிடுங்க, சீக்கிரம் போயிடலாம்!" என்று கத்திவிட்டு மணியடித்துக்கொண்டு போய்விட்டான். நான் வளர்த்த பயல்!

"ஊர் எப்படி இருக்குன்னு கேளும்மா" என்றேன் மகளிடம்.

"நல்லா இருக்காம்."

"காலையிலேயும் அதைத்தானே சொன்னான்?"

"அவங்க ஊர்ல அதுதாம்பா பெரிய பாராட்டு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். "அவ்வளவுதான் ஒந்தினா. அவ அங்கயே வீடு வாங்கப் போறா. பேரப்புள்ளைங்க மொகத்தைப் போன்லதான் பாக்கணும்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"அழுதது போதும், எழுந்து கரியைப் பத்த வை. அந்தோணியார் உனக்காகக் காத்துக்கிட்டு இருக்க மாட்டாரு."

அன்று புனித அந்தோணியார் திருவிழாவுக்கு முந்தின சாயங்காலம். எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு வாசலில் அடுப்பு மூட்டியாயிற்று. தலைக்கு மேலே காகிதத் தோரணங்கள், மத்தி மீன் சுடுகிற புகை, எங்கேயோ ஒரு ஒலிபெருக்கி. ஆர்னி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றான். எதிர்வீட்டு சுல்மிராவுக்கு அது பொறுக்கவில்லை.

"ஏப்பா நெட்டை, பராக்குப் பாத்தது போதும். மீனைத் திருப்பு" என்று இடுக்கியை அவன் கையில் திணித்தாள். வார்த்தை புரியாவிட்டாலும் இடுக்கி புரிந்தது. திருப்பினான். கருகினதை யாரும் பார்க்குமுன் தானே எடுத்து ரொட்டித் துண்டின் மேல் வைத்துத் தின்றான். பிறகு எண்ணெய் ஊறின அந்த ரொட்டியையும் தின்றான். அப்புறம் இன்னொன்று.

சுல்மிரா விடவில்லை. மாஃபால்டாவைக் காட்டி, ஜன்னல்களில் இருந்த செடிகளைக் காட்டி, இவனது வெறுங்கையைக் காட்டி, இடுப்பில் கைவைத்து முறைத்தாள். அந்தோணியார் திருவிழாவில் காதலிக்கு மன்ஜெரிகோ வாங்கித் தராதவன் எங்கள் ஊரில் ஆம்பிளையே இல்லை. சின்ன மண்தொட்டியில் பந்து மாதிரி வளர்கிற துளசி ஜாதிச் செடி அது. நடுவில் ஒரு காகிதப் பூ, அதில் நாலு வரிப் பாட்டு எழுதின குட்டிக் கொடி. ஆர்னி தெருமுனைக்குப் போய் ஒன்றை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்து வந்தான். என் மகளுக்கு முன்னால் நின்றான். கொடுக்குமுன், மணம் பார்க்கத் தலையைக் குனிந்து மூக்கைச் செடிக்குள்ளே விட்டான்.

சந்தே அலறியது. "கை! கை!"

உரக்கக் கத்தினவன் நான்தான். மன்ஜெரிகோவில் மூக்கு பட்டால் வாடிப்போகும் என்பது இங்கே தொட்டில் குழந்தைக்கும் தெரியும். பாவம், பையன் கொலை செய்துவிட்டவன் போல அப்படியே உறைந்துவிட்டான். சுல்மிராதான் அவன் உள்ளங்கையைப் பிடித்துச் செடியின் மேல் மெல்லத் தடவி, அந்தக் கையை அவன் மூக்கருகே கொண்டுபோனாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு சிரித்தான், வந்ததிலிருந்து முதல் தடவையாக. அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. சந்தில் ஒரு ஜன்னல் விடாமல் கையை வைத்து முகர்ந்துகொண்டே போனான். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு வாய் ஒயின் கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது சந்து முழுக்க "நெட்டை, நெட்டை" என்று அவனைக் கூப்பிட்டது.

மறுநாள் கோட்டைக்குக் கூப்பிட்டேன். மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு, ஒந்தினாவோடு வாசற்படியில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்தான். கிளம்பும்போது அந்தத் தொட்டியை என் கையில் கொடுத்து ஏதோ சொன்னான்.

"அவங்க ஊர் குளிரை இது தாங்காதாம். திரும்பி வர்ற வரைக்கும் நீ பாத்துக்கணுமாம்" என்றாள் மாஃபால்டா.

"எப்ப வருவீங்க?"

"அவன் யோசிக்கணும்பா. அவசரப்படுத்தாத."

செடி உயிரோடு இருந்தால் வருவார்கள் என்று என் மனம் முடிச்சுப் போட்டுக்கொண்டது. பைத்தியக்காரத்தனம்தான், தெரியும். தினமும் தண்ணீர் ஊற்றினேன், வெயிலுக்குத் தக்கபடி நகர்த்தி வைத்தேன். என்ன பயன்? ஜூலை தொடக்கத்தில் ஒரு காலை பார்த்தால் செடி தலை தொங்கிக் கிடக்கிறது. ஒந்தினா பூசைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துச் சந்தைக்கு ஓடி, அதே அளவில் ஒன்றை வாங்கி வந்து, அதே தொட்டியில் நட்டு, பழைய காகிதப் பூவையும் கொடியையும் குத்தி வைத்தேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மாதக் கடைசியில் வீடியோவில் கூப்பிட்டார்கள். ஆர்னி செடியைக் காட்டச் சொன்னான். காட்டினேன். கையால் தடவி முகரச் சொன்னான். முகர்ந்தேன்.

"அன்னிக்கு மாதிரியே இருக்கான்னு கேக்குறான்" என்றாள் மாஃபால்டா.

"அப்படியே இருக்கு" என்றேன், கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

ஆர்னி தொண்டையைச் செருமினான். எங்கள் மொழியிலேயே, மனப்பாடம் செய்த பிள்ளையைப் போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்: "சென்யோர் எவாரிஸ்டோ. பெட்டியெல்லாம் கப்பல்ல ஏத்தியாச்சு. நாங்க வர்றோம். அங்கயே இருக்க வர்றோம்."

எனக்கு வாய் கோணிக்கொண்டு போயிற்று. அவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று தொட்டியைத் தூக்கி முகத்தைச் செடிக்குள் புதைத்துக்கொண்டேன்.

"கை! கை!" என்று பின்னாலிருந்து அலறினாள் ஒந்தினா. "மூக்கை எடுய்யா! அவன் மூக்கு வச்சது ஒரு வாரம்கூடத் தாங்கல, நான்தான் உனக்குத் தெரியாம மாத்தி வச்சேன். நீ மாத்துனது ரெண்டாவது தடவை. இப்ப மூணாவதுக்கு எவன் சந்தைக்குப் போறது?"

போனுக்குள் மாஃபால்டா விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. நான் மூக்கை எடுக்கவில்லை.